அப்பாவோட மாருதி 800-ஐ வித்தோம். கூடவே வண்டி விக்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம்

போன மாசம் எங்க வீட்டு மாருதி 800-ஐ வித்துட்டோம். சாவியைக் கொடுக்கும்போது அம்மா உள்ளே போயிட்டாங்க. வண்டி தெரு முனை திரும்புற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாங்க.

2006இல் அப்பா வாங்கினது. பி.ஒய் 02 நம்பர், அதாவது காரைக்கால் பதிவு. நான் அப்போ பள்ளிக்கூடம். எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங்குக்குப் பாண்டிச்சேரி போனது அதுல. தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஊர் ஊரா அலைஞ்சது அதுல. 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த அன்னிக்குக் காலையில, மரம் விழுந்து கிடந்த ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு என்னை டூட்டிக்குக் கொண்டு போய் விட்டதும் அதே வண்டிதான். அப்பா ஓட்டினார். இப்போ அப்பா இல்லை.

796 சி.சி., மூணு சிலிண்டர். 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுபோன மாடல். இந்த நாட்டுல எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார். அதனால இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்றது புரியும்.

ஏன் வித்தோம்? ரெண்டு காரணம். ஒண்ணு உப்புக்காத்து. கடலோர ஊர்ல கார் வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், மேலே பெயிண்ட் பளபளன்னு இருக்கும், மேட்டைத் தூக்கினா தரைத் தகடு உதிரும். ரெண்டாவது, ஏர்பேக் கிடையாது. கேஷுவால்ட்டியில உட்கார்ந்து வாரா வாரம் நாகப்பட்டினம் ரோட்டு விபத்துகளைப் பார்த்துட்டு, சாயங்காலம் என் பிள்ளைகளை அந்த வண்டியில ஏத்த எனக்கு மனசு வரல.

வாங்க வந்தவர் நாகூர் பக்கத்து தம்பி. நல்ல பையன். மனைவி மாசமா இருக்காங்க, செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போக ஒரு வண்டி வேணும்னார். துரு இருக்கிற இடத்தை நானே மேட்டைத் தூக்கிக் காட்டினேன். "ஊருக்குள்ள மட்டும் ஓட்டுங்க தம்பி, தூரம் போகாதீங்க"ன்னு சொன்னேன். விலை பேசி முடிஞ்சுது. அப்புறம்தான் அவர் கேட்டார்:

"சார், என்.ஓ.சி. எல்லாம் வேணாம் சார். ஃபார்ம் 29, 30ல கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க. பேர் மாத்தினா தமிழ்நாட்டு டாக்ஸ் வேற கட்டணும். மெதுவா மாத்திக்கிறேன்."

இந்த இடத்துக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விளக்கம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. சுத்தி மூணு பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். வாஞ்சூர் தாண்டினா நாகூர். எங்க வீட்டுல குழம்பு கொதிக்கிறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். ஆனா ஆர்.டி.ஓ. கணக்குல அது வெளி மாநிலம்! காரைக்காலுக்குள்ளேயோ, அந்தப் பக்கம் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பாண்டிச்சேரிக்காரருக்கோ வித்தா, விக்கிறவர் 14 நாளைக்குள்ள தகவல் கொடுத்தா போதும். நாகூர்க்காரருக்கு வித்தா, ஃபார்ம் 28 போட்டு என்.ஓ.சி. வாங்கி, 45 நாளைக்குள்ள அந்தப் பக்க ஆபீஸ்ல கொடுக்கணும். வாங்கினவர் அங்கே வரி கட்டிப் புது நம்பர் வாங்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவு.

இவ்வளவு அலைச்சல் இருக்கிறதாலேயே எங்க ஊர்ல பல வண்டி பேர் மாறாமலேயே கை மாறுது. கையெழுத்துப் போட்ட ஃபார்மோட ரெண்டு கை, மூணு கைகூட மாறும்.

சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த வேற ஓர் ஊர். நைட் டூட்டி. பைக்குல போனவரை கார் இடிச்சிருக்கு. தொடை எலும்பு முறிஞ்சு, ரத்தம் நிறையப் போய், பி.பி. இறங்கின நிலையில கொண்டு வந்தாங்க. கார் ஓட்டினவர் இறங்கி ஓடிட்டார், கார் மட்டும் ரோட்டுல நிக்குது. ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்ல 'அடையாளம் தெரியாத நபர் ஓட்டி வந்த கார் மோதியதாகச் சொல்லப்படுகிறது'ன்னு எழுதினேன்.

காலையில போலீஸ்காரரோட ஒரு பெரியவர் வந்தார். ஓய்வு பெற்ற வாத்தியார். கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள பத்திரத்துல எழுதின விற்பனை ஒப்பந்தம். "நான் வித்து நாலு வருஷம் ஆச்சு டாக்டர்." வாங்கினவர் வேற யாருக்கோ வித்திருக்கார். இன்சூரன்ஸ் எப்பவோ காலாவதி. அந்தப் பெரியவர் என்கிட்ட முதல்ல கேட்டது "அடிபட்ட பையன் பொழைச்சுக்குவானா?"ன்னுதான். தன்னோட பிரச்சினையை அப்புறம்தான் சொன்னார்.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்போதான் தேடிப் படிச்சேன். நான் வக்கீல் இல்லை, ஆனா இது ரொம்பத் தெளிவாவே இருக்கு. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் 'ஓனர்'. 2018 பிப்ரவரி 6இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாச் சொல்லிடுச்சு. அந்த வழக்குலயும் கார் அடுத்தடுத்து பல பேர்கிட்ட போயிருந்தது, ஆர்.சி. மட்டும் முதல் ஆள் பேர்லயே நின்னுது. இழப்பீடு கொடுக்க வேண்டியது ஆர்.சி.யில பேர் உள்ளவர்தான்னு தீர்ப்பு.

அநியாயமாத் தோணுதா? எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. ஆனா பெட்ல கிடக்கிறவர் பக்கத்துலேர்ந்து பாருங்க. கால் உடைஞ்சு ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாத ஒரு கொத்தனார், கார் யார்கிட்டேயிருந்து யாருக்குப் போச்சுன்னு தேடிக்கிட்டு ஊர் ஊரா அலைய முடியுமா? நீதிமன்றமும் இதைத்தான் கேட்டுது. நான் தினமும் பார்க்கிறது அந்தக் கொத்தனாரைத்தான். அதனால இந்தத் தீர்ப்பு சரின்னுதான் சொல்வேன்.

இன்சூரன்ஸ் உயிரோட இருக்கிற வரைக்கும் பெருசா பயம் இல்லை. வண்டி கை மாறினாலும் மூணாம் நபர் காப்பீடு கூடவே போகும், கம்பெனி கொடுக்கும். ஆபத்து அது முடியுற நாள்லேர்ந்துதான். பாலிசி உங்க பேர்ல இருக்கு, வாங்கினவருக்கு அதைப் புதுப்பிக்க அக்கறை இருக்காது. நீங்களோ வண்டியையே மறந்திருப்பீங்க.

என் அனுபவத்துல, பாசமா வண்டி வச்சிருந்தவங்கதான் இதுல அதிகம் மாட்டுறாங்க. யாவாரி கறாரா இருப்பார். நாம "நல்ல பையனா இருக்கான், வண்டியை நல்லா வச்சுக்குவான்"னு மனசு இளகி, கையெழுத்துப் போட்டுடுவோம். நானும் பேனாவைக் கையில எடுத்துட்டேன், ஒளிக்க என்ன இருக்கு. அந்த வாத்தியார் ஞாபகம் வந்ததாலதான் நிறுத்தினேன்.

"தம்பி, டாக்ஸுக்கு ஆகுற காசை விலையில கழிச்சுக்கிறேன். ஆனா என்.ஓ.சி. வந்த பிறகுதான் வண்டி"ன்னு சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்குச்சு. ரெண்டு நாள் போன் இல்லை. மூணாவது நாள் "சரி சார்"ன்னார். நஷ்டம்தான். மாமா இன்னமும் என்னைப் பொழைக்கத் தெரியாதவன்னு திட்டிட்டிருக்கார்.

என்.ஓ.சி. வர்ற வரைக்கும் வண்டி எங்க வாசல்லயே நின்னுது. விண்ணப்பம் கொடுத்து 30 நாளைக்குள்ள ஆபீஸ் பதில் சொல்லணும்னு சட்டத்துலேயே இருக்கு, யாரும் இழுத்தடிச்சா அதைச் சொல்லிக் கேளுங்க. வண்டியைக் கொடுத்த அன்னிக்குத் தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஃபாஸ்டேகை முடிச்சுட்டேன். ஆதாரும் லைசென்ஸும் நகல் வாங்கிட்டேன். இன்சூரன்ஸ்ல சேர்ந்திருக்கிற நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு இல்லை, நமக்கு. கம்பெனியில லெட்டர் வாங்கினா அடுத்த காருக்கு உதவும். பலர் இதை விட்டுடுறாங்க.

கடைக்காரர்கிட்ட விக்கிறவங்க, அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற டீலரான்னு கேளுங்க. 2023 ஏப்ரல்லேர்ந்து வந்த விதிப்படி, அப்படிப்பட்டவர்கிட்ட ஒப்படைச்சதை முறையா ஆன்லைன்ல பதிஞ்சா, அடுத்தவர் பேருக்கு மாறுற வரைக்கும் பொறுப்பு அவருடையது.

அந்தத் தம்பி நேத்து போட்டோ அனுப்பியிருந்தார். டி.என் 51 நம்பர் பிளேட் மாட்டியாச்சு. அம்மாகிட்ட காட்டினேன். "நம்பர் நல்லால்ல"ன்னாங்க.

இதுக்கு முன்னாடி வண்டி வித்தவங்க, பைக்கா இருந்தாலும் சரி, இப்பவே பரிவாகன் தளத்துல அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. பேரைப் பாதி மறைச்சுத்தான் காட்டும், ஆனா உங்க பேர் உங்களுக்குத் தெரியாமலா போகும்? இன்னும் உங்க பேர்தான்னா, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு அதே பக்கத்துல இருக்கும், முதல்ல அதைப் பாருங்க. அப்புறம் வாங்கினவருக்குப் போன் போடுங்க. எடுக்கலைன்னா விற்பனைக் கடிதத்தோட ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிட்டு வாங்க.