குளிர்சாதன அறையில் வெடிக்கும் கித்தார்கள்



பினாங்கில் வாழும் நமக்குக் காற்று வறண்டுபோகும் என்று சொன்னாலே வேடிக்கையாகத் தோன்றும். நம்முடையது கடல் சூழ்ந்த தீவு. இங்குக் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். துணி காயவில்லையே என்று வருந்துவோர் உண்டு. மரம் காய்ந்து வெடித்ததே என்று வருந்துவோர் குறைவு. இருப்பினும், இங்கும் கித்தார்களும் வீணைகளும் விரிசல் காணவே செய்கின்றன. இதற்கு வானிலையைக் குறை கூறிப் பயனில்லை. இவ்வறட்சி நாமே விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் வறட்சி. அதுதான் குளிர்சாதனம்!

குளிர்சாதனக் குழாயின் முனையில் சொட்டும் நீரைக் கவனித்திருப்பீர்கள். அந்நீர் முழுவதும் அறைக்காற்றிலிருந்து பிரிக்கப்பட்டதே. காற்று தன் ஈரத்தை இழந்தால், அவ்வறையிலுள்ள மரமும் தன் ஈரத்தை மெல்ல மெல்ல இழக்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கையில், மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரைக் கொண்டிருக்கும். காற்று 50 விழுக்காட்டிற்கு இறங்கினால், மரத்தின் நீர் 9 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

நீர் குறைந்த மரம் சுருங்கும். அதன் நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கிலேயே மிகுதி. கித்தாரின் மேற்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அதன் அடியில் குறுக்கே தாங்குகட்டைகள் ஒட்டப்பட்டுள்ளன. பலகை சுருங்க முனையும்போது அக்கட்டைகள் விடுவதில்லை. இந்த இழுபறியில் பலகை, மரத்தின் இழை வழியே பிளந்துவிடுகிறது. தஞ்சாவூர் வீணையும் இவ்விதிக்கு விலக்கன்று. பலா மரத்தில் குடைந்தெடுக்கப்பட்டு, 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய கருவியாயினும் அதுவும் மரமே.

விலையுயர்ந்த கருவியைக் குளிர்சாதன அறையில் பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்னும் கருத்து நம்மிடையே ஊறிப்போயுள்ளது. அதனை நான் ஏற்பதற்கில்லை. குளிர்சாதனமே பகை என்று நான் கூறவில்லை. இரவும் பகலும் ஒரே சீராக 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் அறை கித்தாருக்கு மிக உகந்தது. ஆனால், நம் பள்ளிகளின் நிலை என்ன? காலையில் குளிர்சாதனத்தை முடுக்குகிறோம், பிற்பகலில் நிறுத்துகிறோம், வார இறுதியில் அறை மீண்டும் ஈரத்தில் ஊறுகிறது. சுருங்குவதும் விரிவதுமாக மரம் நாள்தோறும் அலைக்கழிக்கப்படுகிறது. இதனைவிட, காற்றோட்டமுள்ள சாதாரண வகுப்பறையின் நிழலான மூலையே மேல் என்பது என் துணிபு.

கருவிகளைப் பேண நான் பரிந்துரைப்பவை இவை:

1. வாசிக்காத வேளைகளில் கருவியைப் பெட்டியிலோ தடித்த உறையிலோ வையுங்கள். குளிர்காற்று நேரே வீசும் இடத்தில் வைக்கவே வேண்டாம்.

2. சிறிய ஈரப்பதமானி ஒன்றைப் பெட்டிக்குள் வையுங்கள். 45 முதல் 55 விழுக்காடு வரை சிறப்பு; ஓரளவு கூடினாலும் கேடில்லை. 40க்குக் கீழே இறங்கினால் விழிப்படையுங்கள்.

3. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். உலோக மெட்டுகளின் முனைகள் குத்தினால், மரம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேற்பலகை உள்வாங்குவதும் நரம்புகள் இரைவதும் அடுத்த அறிகுறிகள்.

4. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டிக்குள் அள்ளிப் போடாதீர்கள். மரத்தை மிகையாக உலர்த்திவிடும். நீரில் நனைத்த பஞ்சும் இங்குத் தேவையில்லை, பூஞ்சைதான் பிடிக்கும்.

5. தொடக்கநிலை மாணவருக்கு ஒட்டுப்பலகைக் கித்தாரே போதும். அதன் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் எளிதில் பிளவாது.

பிள்ளைகளை மேற்படிப்புக்காகக் குளிர்நாடுகளுக்கு அனுப்பும் பெற்றோர் மேலும் ஒன்றை அறிதல் வேண்டும். 0 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 4.8 கிராம் நீராவியையே தாங்கும். அக்காற்றையே வீட்டிற்குள் 20 பாகைக்குச் சூடேற்றினால், அதன் ஈரப்பதம் 30 விழுக்காட்டிற்கும் கீழே சரிந்துவிடும். பினாங்குக் காற்றில் பழகிய கருவிக்கு அஃது ஒரு பாலைவனம். நனைத்துப் பிழிந்த பஞ்சினைத் துளையிட்ட சவர்க்காரப் பெட்டியில் அடைத்துக் கித்தார்ப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் அங்கேதான் தேவைப்படும்.

இது வெறும் மரத்தைப் பற்றிய கவலையா? இல்லை. தமிழ்ப்பள்ளிக்கு ஓர் இசைக்கருவி வந்து சேர்வது எளிதன்று. பெற்றோரின் உழைப்பும் நன்கொடையாளரின் நல்லெண்ணமும் அதன் பின்னால் உள்ளன. வாங்குவதற்குத் திரட்டும் நிதியைப் பழுதுபார்க்க யாரும் திரட்டுவதில்லை. விரிசல் கண்ட கருவி அலமாரியின் உச்சிக்கு ஏறிவிடுகிறது. தனியார் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த இயலாத குழந்தையின் இசைக்கல்வியும் அதனுடன் முடிந்துவிடுகிறது. இழப்பு அக்குழந்தைக்கே!

ஆகவே, இப்பொறுப்பில் மாணவர்களையும் பங்குகொள்ளச் செய்வோம். வகுப்பறைக் கடமை அட்டவணையில் ஈரப்பதமானியைப் பார்த்துக் குறிக்கும் பணியையும் சேர்க்கலாம். அளத்தலும் பதிவுசெய்தலும் அறிவியல் பாடந்தானே? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதிய கருவி வாங்கத் தீர்மானம் வந்தால், அதனை எந்த அறையில் வைக்கப்போகிறோம், யார் பேணப்போகிறார் என்னும் வினாக்களையும் தயங்காது எழுப்புங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.