டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகலாமா? வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் முன் வீட்டில் வைக்க வேண்டிய ஃபைல் எது?

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் வீட்டில் பெட்டி கட்டும் வேலை பத்து நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். ஊறுகாய், பருப்புப் பொடி, பெட்ஷீட், பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்ப்பது என்று வீடே அமர்க்களப்படும். ஆனால் 'என்ன விசாவில் போறே?' என்று கேட்டால் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கிறாரு" என்பதுதான்.

சிக்கல் தொடங்கும் இடமும் அந்த ஒரு வரிதான்.

2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டு நாட்களில் மட்டும், தாய்லாந்தின் மே சோட் நகரில் இருந்து 549 இந்தியர்களை விமானப் படை விமானங்கள் அழைத்து வந்தன. மியான்மர் எல்லையில் இயங்கிய ஆன்லைன் மோசடி மையங்களில் இருந்து விடுவிக்கப்பட்டவர்கள் இவர்கள். அதற்கு முன்பே 2022 அக்டோபரில், மியான்மரின் மியாவாடி பகுதியில் சிக்கி மீட்கப்பட்ட 13 தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சொல்லித்தான் அவர்களை அழைத்துப் போயிருந்தார்கள்.

படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் டைப் செய்யக் கூடியவர்கள் எப்படி சிக்குகிறார்கள்? கிளம்பும் முன் எதைச் சரிபார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம்?

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

டெலிகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ ஒரு விளம்பரம் வரும். 'டேட்டா என்ட்ரி', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று பதவியின் பெயர் இருக்கும். வீடியோ காலில் நாலு கேள்வி, ஒரு டைப்பிங் டெஸ்ட், அவ்வளவுதான் இன்டர்வியூ. சம்பளம் ஊரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. தங்குமிடம், டிக்கெட் எல்லாம் கம்பெனி செலவு. ஐ.டி. தெரிந்த இளைஞர்கள்தான் குறிவைக்கப்படுகிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்திருந்தது.

பாங்காக் ஏர்போர்ட்டில் இறங்கியதும் கார் காத்திருக்கும். ஆபீஸ் பாங்காக்கில் என்றுதான் நினைத்திருப்பார்கள். கார் போய் நிற்கும் இடம், சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மே சோட். அங்கே மோய் ஆறு ஓடுகிறது. அக்கரை மியான்மர். ஆற்றைத் தாண்டியதும் பாஸ்போர்ட் கைமாறும். அதன் பிறகு ஊரில் இருப்பவர்களுக்கே போலி முதலீடு, போலி காதல் என்று வலை விரிக்கும் 'வேலை'. முடியாது என்றால் அடி, உதை. விட்டுவிடச் சொன்னால் பணம் கேட்பார்கள்.

ஏர்போர்ட்டில் ஏன் யாரும் தடுக்கவில்லை?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அதன் அர்த்தம் வேறு. 10-ஆம் வகுப்பு பாஸ் ஆகாதவர்களுக்குப் பொதுவாக ஈ.சி.ஆர். பிரிவில் பாஸ்போர்ட் தருவார்கள். இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். வேலை ஒப்பந்தம், சம்பளம், கம்பெனி எல்லாம் அப்போது சரிபார்க்கப்படும்.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அன்றைக்கு ஏமாற்றப்பட்டது பெரும்பாலும் எழுதப் படிக்கச் சிரமப்பட்ட கட்டடத் தொழிலாளிகளும் வீட்டு வேலைக்குப் போன பெண்களும். அவர்களுக்காகக் கட்டிய வேலி இது.

அந்த வேலியில் இன்று இரண்டு ஓட்டைகள்.

முதல் ஓட்டை, 10-ஆம் வகுப்பு பாஸ் ஆனவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதனால் பி.இ., பி.சி.ஏ. முடித்தவரின் ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன் எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. கம்போடியா, லாவோஸ், மியான்மர் ஆகிய மூன்றும் அந்த 18 நாடுகள் பட்டியலிலேயே இல்லை.

இரண்டாவது ஓட்டை, சுற்றுலா போகிறவர் யாராக இருந்தாலும் இந்த அனுமதி வேண்டாம். அதனால்தான் ஏஜென்ட் 'டூரிஸ்ட்னு சொல்லிடு, போதும்' என்கிறார். அந்த ஒரு பொய்யைச் சொன்ன நிமிடத்தில், அரசு செய்யக்கூடிய சோதனையில் இருந்து அந்தப் பயணி தானாகவே வெளியேறிவிடுகிறார்.

1983 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. ஆனால் அடுத்த மாதம் ஃபிளைட் ஏறுகிறவர் சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. அவருடைய ஒப்பந்தத்தை அவரேதான் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விசா வேண்டாம் என்றால் வேலையும் செய்யலாமா?

கூடாது. 2023 நவம்பரில் தாய்லாந்தும், டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தன. அது சுற்றிப் பார்க்க. அந்த அனுமதியில் போய் வேலை செய்தால், அந்த நாட்டுச் சட்டப்படி அவர் குற்றவாளி. முதலாளி சம்பளம் தராவிட்டாலும் போலீஸுக்குப் போகப் பயம் வரும், ஏனென்றால் முதலில் மாட்டுவது அவர்தான். இந்தப் பயத்தை நம்பித்தான் மோசடிக் கும்பல் பிழைக்கிறது.

'முதல்ல டூரிஸ்ட்ல வாங்க, இங்க வந்ததும் மாத்திக்கலாம்' என்று யார் சொன்னாலும், வேலைக்கான அனுமதி கைக்கு வரும் வரை டிக்கெட் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. இந்தச் சலுகையைக் கும்பல்கள் எந்த அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டன என்பதற்கு ஈரான் ஓர் உதாரணம். வேலை என்று சொல்லி அங்கே அழைத்துப் போகப்பட்ட இந்தியர்கள் பணத்துக்காகக் கடத்தப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, இந்தியர்களுக்கான விசா விலக்கை ஈரான் 2025 நவம்பர் 22 முதல் நிறுத்திவிட்டது.

ஏஜென்ட் அசலா, போலியா?

- வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் 'இ-மைக்ரேட்' தளத்தில் இருக்கிறது. உரிமம் காலாவதியா, ரத்தா என்பதும் அங்கேயே தெரியும்.
- 'அந்தக் கம்பெனியோட சப்-ஏஜென்ட் நான்' என்று சொல்பவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.
- உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். 'ரெண்டு லட்சம், கையில கொடுங்க' என்றாலே சந்தேகப்படலாம்.
- வேலை தருவதாகச் சொல்லும் கம்பெனி நிஜமா என்று அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மெயில் அனுப்பிக் கேட்கலாம்.
- தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. தனியார் ஏஜென்டைத் தேடும் முன் அங்கே என்ன வேலை இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வீட்டில் இருக்க வேண்டிய ஃபைல்

ஒருவர் வெளிநாட்டில் காணாமல் போனால் புகாரோடு அலையப் போவது அவர் இல்லை. அம்மாவோ மனைவியோ தம்பியோதான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். அங்கே கேட்கும் முதல் கேள்வி, பாஸ்போர்ட் நம்பர் என்ன? அடுத்தது, கம்பெனி பெயர், முகவரி? பல குடும்பங்களிடம் இருப்பது ஒரு போட்டோவும், இப்போது சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும் ஏஜென்ட் நம்பரும்தான்.

அதனால் கையில் எடுத்துப்போகும் ஃபைலைவிட வீட்டில் விட்டுப்போகும் ஃபைல் முக்கியம். அதில் இருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களின் நகல், விசா நகல்
- வேலை ஒப்பந்தம், கம்பெனி முகவரி, போன் நம்பர்
- ஏஜென்டின் உரிம எண், ஆபீஸ் முகவரி, கட்டிய பணத்துக்கான ரசீது
- ஏஜென்டோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்கள்
- டிக்கெட் நகல், கூடவே போகிறவர்களின் பெயரும் அவர்கள் வீட்டு நம்பரும்
- அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் போன், மெயில்

இதெல்லாம் மெயிலிலும் ஒரு காப்பி இருக்கட்டும். போனைப் பிடுங்கிவிட்டால் போனில் இருக்கும் எதுவும் உதவாது. பாஸ்போர்ட் கையில் இல்லாதபோது, ஊர் திரும்புவதற்கென்று ஒரு தற்காலிகச் சான்றிதழைத் தூதரகம் கொடுக்கும். பழைய பாஸ்போர்ட்டின் நகல் இருந்தால் அந்த வேலை சுலபமாக முடியும்.

வீட்டோடு ஒரு ரகசிய வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆளை நிறுத்திக்கொண்டு பேசவிட்டால், 'நல்லா இருக்கேன்' என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்காது. 'பெரியப்பா வீட்டு மாடு கன்னு போட்டுச்சா?' என்று கேட்டால் ஆபத்து என்று அர்த்தம், அவ்வளவுதான்.

பெட்டியில் என்ன கவனம்?

பல நாடுகளில் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் பார்த்தால் பயனில்லை.

ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் போகிறவர்களின் பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. இங்கே குருமாவுக்கு அரைக்கும் பொருள், அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. கடையில் வாங்கிய மசாலாப் பொடி என்றால் பாக்கெட்டில் அதன் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது நல்லது. கோடீன், டிராமடால் கலந்த இருமல், வலி மருந்துகளுக்கும் கெடுபிடி உண்டு. டாக்டர் சீட்டு மட்டும் போதாத நாடுகளும் இருப்பதால், முன் அனுமதி தேவையா என்று பார்த்துவிட வேண்டும். 'பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட கொடுத்துடு' என்று அடுத்தவர் தரும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

ஈ.சி.ஆர். பிரிவில் அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். அந்தப் பாலிசி நகலும் வீட்டு ஃபைலில்தான் இருக்க வேண்டும். பாலிசி எடுத்திருப்பதே குடும்பத்துக்குத் தெரியாவிட்டால் பணம் எப்படி வரும்?

சிக்கிக்கொண்டால்?

இந்தியப் பாஸ்போர்ட் சட்டப்படி அரசின் சொத்து, முதலாளியுடையது இல்லை. 'கொடு, லாக்கரில் வைக்கிறேன்' என்று கேட்டால் அதுவே எச்சரிக்கை மணி. நகல் கொடுத்தால் போதும்.

பாங்காக், யாங்கூன், நோம்பென், வியன்டியான் ஆகிய நான்கு நகரங்களிலும் இந்தியத் தூதரகம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலப் பிரிவின் கட்டணமில்லா எண் 1800 309 3793-ஐ அழைக்கலாம். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930.

இவ்வளவையும் பார்ப்பதற்கு ஒரு வாரம் கூடுதலாகலாம். 'லேட் பண்ணினா சீட் போயிடும்' என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். அசல் வேலையாக இருந்தால், ஒப்பந்தத்தை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை படிக்கும் அளவுக்காவது அது காத்திருக்கும். அந்த நேரத்தைக்கூடத் தராத வேலை என்றால், கட்டிய பெட்டியைப் பிரித்துவிடலாம்.