பொன் போயிற்று, புழுதி நின்றது

மூதூருக்குத் தெற்கே சேருவிலப் பகுதியில் செப்புத் தாதும் இரும்புத் தாதும் மண்ணுள் கிடப்பது 1971ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதனை வெட்டியெடுப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், வேலை வரும், வீதி வரும், செல்வம் வரும் என்ற நம்பிக்கையும் உடன் எழுவது இயல்பே. வேலையற்ற இளைஞர் நிறைந்த எமது பகுதியில் அந்நம்பிக்கையை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. ஆயினும், சுரங்கத்தால் எழுந்து சுரங்கத்தாலேயே கைவிடப்பட்ட ஓர் ஊரின் கதையை முடிவுவரை கேட்டபின் முடிவுசெய்வதே அறிவுடைமை. அது தமிழ்த் தொழிலாளரின் கதை. ஆதலின், கேட்கும் கடமை எமக்கு இருமடங்காகின்றது.

பழைய மைசூர் இராச்சியத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலமே கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டில் ஜோன் டெய்லர் கொம்பனி என்னும் ஆங்கில நிறுவனம் அங்கு கால்வைத்தது. பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நிலமற்ற ஏழைகள், அவருள்ளும் பெரும்பாலோர் ஆதிதிராவிடர், அச்சுரங்கங்களை நாடிச் சென்றனர். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பியிழுத்து அங்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் பெருநகரங்கள் பல இருளில் கிடந்த காலம் அது! துரைமாரின் பங்களாக்கள் ஒளிவீசின. பொன்னை வெட்டியவனோ மூங்கில் தட்டிக் குடிசையில் உறங்கினான்.

பத்தாயிரம் அடிக்கும் கீழே, பாறையே சுடும் ஆழத்தில் அவன் உழைத்தான். அழுத்தந் தாங்காது பாறை வெடித்து மாண்டவர் பலர். பாறைத்தூசு நுரையீரலைத் தின்ன, இருமி இருமி மாண்டவர் இன்னும் பலர். எனினும் அம்மக்கள் தலைகுனிந்து வாழ்ந்தாரல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. குற்றவாளிகளிடம் பெறுவதுபோல் தம்மிடம் கைரேகை பெறும் முறையை எதிர்த்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வயிற்றுக்காக வந்தவர்கள் மானத்துக்காகவும் நின்றார்கள்!

சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயிற்று. 1962இல் மத்திய அரசின் கைக்கு மாறியது. முதலாளி மாறினான், முடிவு மாறவில்லை. தாதில் பொன் குறைந்தது. எடுக்கும் பொன்னின் விலையை எடுக்கும் செலவு விஞ்சியது. 2001 பெப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 தொன் பொன்னை உலகுக்கு ஈந்த ஊரின் மக்கள், தமக்குரியதைப் பெறவேண்டி ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறினர். அவர்தம் பிள்ளைகள் கூலிவேலை தேடி நாள்தோறும் வைகறையில் பெங்களூருக்கு இரயிலேறலாயினர். சயனைடு கலந்த கழிவுமண் மூன்று கோடித் தொன்னுக்கு மேல் மலைமலையாய்க் குவிந்து நிற்கின்றது. காற்றடிக்குங் காலத்தில் அப்புழுதி அவர்களின் வீட்டுக்குள் புகுகின்றது. பொன் யாருக்கோ, புழுதி மட்டும் அவர்களுக்கு!

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? சுரங்கமே ஆகாது என்பதன்று. எச்சுரங்கமும் ஒருநாள் வற்றும். வற்றும் நாளுக்கான ஏற்பாட்டைத் திறக்கும் நாளிலேயே எழுதிவைத்தல் வேண்டும் என்பதே பாடம்.

இந்நாட்டிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. எப்பாவலைப் பொஸ்பேற்றை அந்நியக் கொம்பனியுடன் சேர்ந்து அகழ அரசாங்கம் வகுத்த திட்டத்தை எதிர்த்து, அவ்வூர் விவசாயிகளும் ஒரு பௌத்த துறவியும் உயர் நீதிமன்றம் சென்றனர். முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இன்றி ஒப்பந்தம் செய்யலாகாதென 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. சேருவிலத் தாதுக்கும் அதே நியாயம் பொருந்தும். செப்புத் தாதிலுள்ள கந்தகம் காற்றும் மழையும் பட்டால் அமிலமாகும். அது அல்லைத் திட்டத்து வயல்களையும் கொட்டியாரக் குடாவின் மீனையும் கெடுத்தால், உழவனும் மீனவனும் எங்கே போவர்? தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று பார்த்து நஞ்சு பரவுவதில்லை.

ஆகவே, எவர் அகழ வந்தாலும், முதல் மண்வெட்டி விழுமுன்னரே மூன்று உறுதிகளை நாம் கோருகின்றோம். குடியிருக்கும் நிலம் மக்களின் பெயரில் இருத்தல் வேண்டும். கழிவை அகற்றி நிலத்தைச் சீராக்கும் பணம் முன்னதாகவே வைப்பிலிடப்படல் வேண்டும். தொழிலாளியின் நோய்க்கும் முதுமைக்கும் வழிசெய்யும் நிதி தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் மூட்டை முடிச்சுடன் ஊரைவிட்டு ஓடிய துயரை மூதூர் மக்கள் அறிவார்கள். போர் துரத்திய மண்ணுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். நஞ்சேறிய மண்ணுக்குத் திரும்பி வருதல் இயலாது.