காசு கட்டும்வரைதான் எங்கட படமா?

2013இல் அடொபி, புதிய பதிப்புகள் இனிச் சந்தாவுக்கு மட்டும்தான் என்று அறிவித்தது. அதிலிருந்து பிரீமியர் ப்ரோவின் புதிய பதிப்பை ஒரேதரம் காசு குடுத்துச் சொந்தமாக்க ஏலாது.

மாதம் கொஞ்சம்தானே என்பார்கள். ஆனால் சந்தா டொலரில், எங்கட உழைப்பு ரூபாயில். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. விலை கூடாமலே செலவு கூடியது. அதைவிடப் பெரிய சிக்கல், கட்டாமல் விட்டால் நாங்கள் வெட்டிக் கோர்த்த பழைய புரொஜெக்டையே அதில் திறக்க ஏலாது.

டாவின்சி ரிசொல்வ் ஸ்டூடியோவை ஒருதரம் வாங்கினால் போதும். அதன் இலவசப் பதிப்பிலேயே ஒரு குறும்படத்தை முடிக்கலாம். கொஞ்சம் பலமான கணினிதான் வேணும். வேலை தருபவர் பிரீமியர் கோப்புத்தான் கேட்டால், அந்த மாதத்துக்கு மட்டும் கட்டுவம். எங்கட சொந்தப் படங்களை வாடகை வீட்டில் வைக்க வேண்டாம்.