பந்து பட்டதால் அல்ல

எங்கள் வானொலியில் ஒலிப்பதிவு பார்க்கும் தம்பிக்கு 27 வயது. வாரத்தில் இரண்டு நாள் பூட்சால் ஆடுவான். சென்ற ஆண்டு ஒருநாள் மாமாக் கடையில் தே தாரேவை ஆற்றிக்கொண்டே, "அண்ணே, பந்து பட்ட இடத்துல ஒரு கட்டி மாதிரி இருக்கு. வலி ஒன்னும் இல்ல" என்றான். எந்த இடம் என்று அவன் சொல்லவில்லை. மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசும் எனக்கும் கேட்க நாக்கு வரவில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டேன். ஐந்து மாதமாம்!

மறுநாள் கிளினிக், பிறகு அல்ட்ராசவுண்ட், அதன்பின் அறுவைச் சிகிச்சை. இடது விரையில் புற்றுநோய், செமினோமா வகை.

வீடு திரும்பியவனைப் பார்க்க மைலோ டின்னும் ஆரஞ்சுமாகப் போனேன். பந்து பட்டதால்தான் வந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். அரைகுறையாகப் படித்துவிட்டுப் போயிருந்த நான், "அடிபட்டதால கட்டி கண்ணுல பட்டிருக்கும், அவ்வளவுதான். இதோட ஆரம்பம் நீ அம்மா வயித்துல இருந்தப்பவே" என்றேன். தேநீர் கொண்டுவந்த அவன் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏழு மாசம் வரைக்கும் பாக்டரியில நைட் ஷிப்ட் பார்த்தேன் தம்பி. அதனாலயா?"

என்னிடம் பதில் இல்லை. மகனுக்கு ஆறுதல் சொல்லப்போய்த் தாயின் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். அதன் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். மீடியா படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

எங்கள் நிலையக் கணினியில் தீபாவளிப் பாட்டு ஆண்டு முழுக்க இருக்கிறது. ஆனால் பண்டிகை நெருங்கும்வரை ஒலிக்காதபடி குறி போட்டு வைத்திருப்போம். நம் உடல் செல்களிலும் இப்படித்தான். எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுப்பு. கண்ணில் உள்ள செல், தனக்கு வேண்டியதை மட்டும் ஒலிக்கவிட்டு மற்றதை அடக்கி வைக்கிறது. அப்படி அடக்க உதவும் வேதிக் குறிகளில் ஒன்று மெத்தில். பாட்டு மாறாமல் குறி மட்டும் மாறுவதை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ்.

பிற்காலத்தில் விந்தணுவை உண்டாக்கப்போகும் செல்கள், கருவான சில வாரங்களிலேயே தோன்றிவிடுகின்றன. பழைய குறிகளைப் பெருமளவு அழித்துவிட்டு, பிறகு புதிதாகப் போட்டுக்கொள்வது அவற்றின் வழக்கம். அழித்ததற்கும் புதிதாகப் போடுவதற்கும் நடுவில் சில செல்கள் வளராமல் தேங்கிவிட்டால்?

1972இல் டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஸ்காக்கெபெக், குழந்தைப்பேறு இல்லாமல் சோதனைக்கு வந்த ஆண்களின் விரைத் திசுவில் வழக்கத்துக்கு மாறான செல்களைக் கண்டு எழுதினார். புற்றுநோயின் முன்னோடிகள் அவை. கருவிலிருக்கும் செல்களின் சாயல் அவற்றில் அப்படியே இருப்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. பருவ வயதுவரை உறங்கி, ஹார்மோன் பெருகும்போது விழிக்கின்றன. பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் இந்நோய் வருவது அதனால்தான். தம்பிக்கு வந்த செமினோமாவில் மெத்தில் குறிகள் மிகக் குறைவு. அதாவது, அழித்த நிலையிலேயே நின்றுவிட்டவை.

இரண்டாம் முறை போனபோது அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். விரை கீழிறங்காமல் பிறந்த பிள்ளைகளுக்கும், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சில இரசாயனங்கள் மீது ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் நிரூபணமாகவில்லை. இரவு வேலை பார்த்த தாய்தான் காரணம் என்று யாரும் நிறுவவில்லை.

"அப்படின்னா எதனாலன்னு தெரியாதுன்னு சொல்லுங்க."

"ஆமாம்மா. ஆனா நீங்க செஞ்சதால இல்ல."

அவர் சிரிக்கவில்லை. தட்டில் இன்னொரு தோசை வைத்தார்.

நோய் பரவியவர்களுக்கும் இன்று வழி இருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் இந்தியானாவில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், பிளாட்டினம் கலந்த சிஸ்பிளாட்டின் மருந்தை வேறு இரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பரவிய நிலையில் பிழைத்தவர் மிகச் சிலரே. இப்போது பெரும்பாலோர் குணமாகின்றனர். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. அவரும் அங்கேதான் பிழைத்தார். (பட்டங்களைப் பறிகொடுத்தது வேறு கதை.) கருவின் சாயல் மாறாத அந்தச் செல்கள், இம்மருந்து பட்டதும் எளிதில் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. தேங்கிப்போனதே அவற்றுக்கு வினை. மருந்துக்கு அடங்காத கட்டிகள் சிலவற்றில் மெத்தில் குறிகள் கூடியிருப்பதும் தெரிந்திருக்கிறது.

தம்பிக்கு அந்த மருந்து தேவைப்படவில்லை. கட்டி வெளியே பரவவில்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று கண்காணிப்பில் இருக்கிறான். பூட்சாலுக்குத் திரும்பிவிட்டான், கோல் மட்டும் விழுவதில்லை.

சென்ற வாரக் காலை நிகழ்ச்சியில், வெந்நீரில் குளித்தபின் மாதம் ஒருமுறை விரைகளை விரல்களால் உருட்டிப் பாருங்கள், கட்டியோ கனமோ தெரிந்தால் டாக்டரிடம் போங்கள் என்றேன். வானொலியில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுவே முதல் முறை. பாட்டு ஓடும்போது மூன்று அழைப்புகள். மூவருமே பெயர் சொல்லவில்லை. மூன்றாமவர் குரல் மிக இளசு.

"அண்ணே, வலிக்கலன்னாலும் காட்டணுமா?"

"இன்னைக்கே போங்க தம்பி."