பந்தடி காணாத தமிழ்

2022 மே 26 அன்று புவனேசுவரத்துக் கலிங்கா விளையாட்டரங்கில், மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகத்தின் பெண்கள் ஒரு பட்டத்தை இழந்தனர். அவ்வாண்டு இந்திய மகளிர் லீக்கில் அதுவரை பத்து ஆட்டங்கள் ஆடிப் பத்திலும் வென்றிருந்தனர். எதிரே நின்ற கோகுலம் கேரளா அணிக்கும் அதே கணக்குத்தான். பதினோராவதும் கடைசியுமான ஆட்டம் இவ்விரு அணிகளுக்கும் இடையே அமைந்தது. கோல் வித்தியாசத்தில் முந்தியிருந்த கோகுலத்திற்குச் சமன் செய்தாலே போதும். சேது வென்றே ஆகவேண்டும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் ரேணு ராணி சேதுவுக்காக முதல் கோலை அடித்தார். பிறகு ஆசாலதா தேவியின் பெனால்டி, கானா நாட்டு எல்ஷதாயின் கோல், மனிஷா கல்யாணின் கோல் என அடுத்தடுத்து மூன்று விழுந்தன. 3-1 என்ற கணக்கில் பட்டம் கேரளத்திற்குப் போயிற்று.

இதைக்காட்டிலும் நாடகத்தன்மை வாய்ந்த முடிவை எந்தக் கதாசிரியன் எழுதிவிட முடியும்? பத்து நாள் வென்று பதினோராம் நாள் வீழ்ந்தோர் கதை நம் மரபுக்கு அந்நியமானதா என்ன? ஆயினும் மறுநாள் காலை நம் வீட்டுக்கு வந்த நாளிதழில் ஐ.பி.எல். தகுதிச்சுற்றுக்கு அரைப்பக்கம் இருந்தது. சேதுவுக்கு ஒரு வரியில்லை. நாளிதழைக் குறைகூறிவிட்டுக் கைகழுவ இக்கட்டுரையை எழுதவில்லை. நாளிதழ்க்காரருக்கு விளம்பரம் வேண்டும். தமிழை ஓதி அதனால் ஊதியம் பெறும் நம்மவர்க்கு என்ன கேடு வந்தது? குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவர் நாமே. காரணம் உண்டு; சொல்கிறோம்.

அவ்வாண்டுக் கல்லூரி மலருக்குப் படைப்புகள் தேரும் குழுவில் நாமும் இருந்தோம். ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருவர் மூன்று பக்கக் கட்டுரை தந்தார். கைப்பேசியில் கண்ட அந்த மே 26 ஆட்டத்தைப் பற்றியது. முதல் கோலுக்குப் பின் சேதுவின் நடுக்களம் எங்கே நெகிழ்ந்தது, கோகுலம் எந்தப் பக்கவாட்டில் புகுந்தது, பந்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஏன் நெடுந்தொலைவுக்கு உதைத்து அனுப்பினார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார். நாம் படித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது அம்மா; ஆனால் தோற்ற ஆட்டம் மலருக்கு எதற்கு? வீராங்கனைகளின் குடும்ப வறுமை, அவர்கள் பட்ட துன்பம், இவற்றைச் சேர்த்தால் மாணவர்க்கு ஊக்கமாக அமையும்” என்றோம். அவர் தாள்களை வாங்கிக்கொண்டு, “அதைத்தான் ஐயா எல்லாரும் எழுதியாச்சே” என்றார். கட்டுரை திரும்பி வரவில்லை. மலரில் அப்பக்கங்களை மரபுக்கவிதைகள் நிரப்பின. (அவற்றுள் ஒன்று நம்முடையது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.)

அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்தில் நம் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. தமிழில் பெண் கால்பந்தாட்டக்காரரைப் பற்றி எழுதப்படுவனவற்றைத் திரட்டிப் பாருங்கள். கூலித் தொழிலாளியின் மகள், ஓட்டு வீடு, காலணி வாங்கக் காசில்லை, தாயின் கண்ணீர். கடைசிப் பத்தியில் பதக்கம். நடுவில் ஆட்டம் எங்கே? இவர் வலக்காலால் ஆடுபவரா இடக்காலால் ஆடுபவரா, தடுப்பவரா தாக்குபவரா என்பதுகூட அந்தக் கட்டுரைகளிலிருந்து தெரியாது. வறுமை பொய்யென்று நாம் சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்து மண்ணிலிருந்து வந்த இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் எளிய வீடுகளிலிருந்துதான் இந்திய அணிக்குப் போனார்கள். சொல்லத் தக்கதே. ஆனால் ஓர் ஆண் கிரிக்கெட் வீரனைப் பற்றி எழுதும்போது அவனது மட்டைவீச்சை முதலில் எழுதி ஓட்டு வீட்டைப் பின்னால் வைக்கிறோம். பெண் என்றதும் வரிசை தலைகீழாகிவிடுகிறது. இரக்கம் காட்டுவது எளிது, ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது கடினம் என்பதன்றி இதற்கு வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

இஃது இன்று முளைத்த நோயன்று. பந்தாடும் பெண்ணைத் தமிழ்ப் புலவர்கள் ஆயிரம் முறை பாடியிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி இருக்கிறது. குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லி பந்தடித்ததை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் உண்டோ? ஆனால் குறவஞ்சிப் புலவரின் கண் பந்தில் இல்லை; இடையிலும் கொங்கையிலும் வளையிலும் இருக்கிறது. பந்து ஒரு சாக்கு. நாமும் சந்தநயம் பாராட்டிக் கடந்துவிடுகிறோம். கொங்குவேளிரின் பெருங்கதையோ வேறு வகை. அங்கே ‘பந்தடி கண்டது’ என்றே ஒரு பகுதி உண்டு. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து பந்தாடுகிறார்கள். ஒவ்வொருவர் அடித்த எண்ணிக்கையும் சொல்லப்படுகிறது. ஒருத்தியை மற்றொருத்தி விஞ்சுகிறாள். அழகு வருணனை அங்கும் இல்லாமலில்லை. எனினும் அப்புலவர் எண்ணினார், ஐயா, எண்ணினார்! ஆட்டத்தை ஆட்டமாகக் காண்பதற்கு அதுதான் முதற்படி. கணக்கில்லாத விளையாட்டு வெறும் அலங்காரம். ‘காண்டல்’ என்ற சொல்லின் பொருளை அவரிடம் கற்காமல் நாம் குறவஞ்சியின் வழியிலேயே நின்றுவிட்டோம். அன்று அங்கங்களை வருணித்தோம், இன்று வறுமையை வருணிக்கிறோம்.

எண்ணுவது என்று வந்தபின் சில கணக்குகளைப் பார்த்துவிடலாம்.

இந்திய மகளிர் லீக் 2017இல் டெல்லியில் ஆறு அணிகளோடு தொடங்கியது. 2018-19ஆம் ஆண்டுக்கான போட்டி 2019 மே மாதத்தில் லூதியானாவில் நடந்தது. மே 5 முதல் 22 வரை, பதினெட்டு நாள். பஞ்சாபின் கோடை வெயிலில் சேது அணி ஐந்து குழு ஆட்டங்களையும் அரையிறுதியையும் வென்று, இறுதியில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வீழ்த்திப் பட்டம் பெற்றது. ஒரு தமிழகக் கழகம் அப்பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 பிப்ரவரியில், கட்டக் நகரில் தமிழக அணி அதே மணிப்பூரை 2-1 என வென்று தேசியப் பட்டத்தை முதன்முதலாகக் கைப்பற்றியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துச் சாதித்த ஆண்கள் அணியொன்று நமக்கு இருந்திருந்தால் எத்தனை வளைவுகள் எழுந்திருக்கும்!

ஆனால் பதினெட்டு நாளில் முடிவதைப் ‘பருவம்’ என்று அழைக்கலாமா? நம் இலக்கணப்படி பெரும்பொழுது ஒவ்வொன்றுக்கும் இரண்டு திங்கள். 2022 லீக் சித்திரை பிறந்த மறுநாள் தொடங்கி, வைகாசி முதற்பாதியிலேயே முடிந்துவிட்டது. பன்னிரண்டு அணிகள் பதினோரு ஆட்டங்களை ஒரே நகரில் ஆறு வாரத்துக்குள் ஆடி முடித்தன. இளவேனிலைக்கூட நிரப்பாத பருவம்! மதுரையைச் சேர்ந்த அணி மதுரையில் ஓர் ஆட்டமும் ஆடாமலே ‘சீசனை’ முடித்தது. ஊரார் காணவில்லை என்று ஊராரைக் குறைசொல்வதில் என்ன பொருள்? ஆடியது அங்கே, அமர்ந்திருந்தது இங்கே.

பட்டம் வென்ற கோகுலத்தின் கதி என்ன? 2022 ஆகஸ்டில் ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் சென்று இறங்கினார்கள். அந்நேரத்தில்தான் மூன்றாம் தரப்பினரின் தலையீட்டைக் காரணம் காட்டி உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. ஒரு பந்தையும் உதைக்காமல் திரும்பினார்கள். பத்து நாள் கழித்துத் தடை நீங்கியது. போட்டியோ நீங்கியது நீங்கியதே. நிர்வாகிகளின் பூசலுக்குத் தண்டனை பெற்றவர்கள் அப்பூசலில் ஒரு சொல்லும் பேசாத பெண்கள்.

ஆரணியில் வாழ்வதால் நமக்கு ஒன்று விளங்குகிறது. இங்கே பட்டுச் சேலையொன்று தறியிலிருந்து இறங்கும்போது கூலி நெய்தவர் பெயரில் எழுதப்படும். அந்த வீட்டுப் பெண் தார் சுற்றியிருப்பார், அறுந்த இழைகளைப் பிணைத்திருப்பார், சில வீடுகளில் தறியிலேயே அமர்ந்து பாதியை நெய்திருப்பார். கேட்டால் “வீட்டில் கூடமாட உதவி” என்பார்கள். உதவிக்குக் கணக்கு இல்லை. பெண்கள் கால்பந்தையும் இந்நாடு ‘கூடமாட’ வகையில்தான் வைத்திருக்கிறது. வேலை முழு வேலை. பெயர் மட்டும் உதவி. இந்துமதி தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிந்தபடியே இந்தியாவுக்கு ஆடியவர். அது அவருக்குப் பெருமை, நமக்குப் பெருமையா? ஆண்டு முழுவதும் சோறு போடாத தொழிலுக்குப் பக்கத்தில் இன்னொரு தொழில் தேவைப்படுகிறது, அவ்வளவே.

மாற்றமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, உயர்நிலை லீக்கில் ஆடும் ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயேனும் தரவேண்டும் என அறிவித்தது. மாதக் கணக்கில் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். 2023-24இல் முதன்முறையாகச் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது; ஏழு அணிகள், அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம், டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை. பருவம் என்ற சொல்லுக்கு அப்போதுதான் சற்றே பொருள் வந்தது. அதற்குள், 2022-23 போட்டிக்கே சந்தியாவும் இந்துமதியும் கோகுலத்துக்கு ஆடப் போய்விட்டிருந்தார்கள். 2023 மே மாதம் அகமதாபாத்தில் அவ்வணி இறுதியாட்டத்தை 5-0 என வென்றது. நல்ல விலை கிடைக்கும் இடத்துக்கு நெசவாளி போவதில்லையா? போகட்டும். அடுத்த மாதமே அமிர்தசரசில் ஹரியானாவை 2-1 என வென்று தமிழகம் இரண்டாம் முறையாகத் தேசியப் பட்டம் வென்றதே, அதை எத்தனை பேர் அறிவோம்?

“யார் பார்க்கிறார்கள்?” என்று ஆசிரியர் அறையில் நண்பரொருவர் கேட்டார். இக்கேள்விக்கு நூறாண்டுப் பழைமையான விடை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிரஸ்டன் என்பது பருத்தி ஆலை நகரம். நம் ஆரணிபோல் நூலால் பிழைத்த ஊர். முதல் உலகப்போர்க் காலத்தில் அங்கே டிக் கெர் தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்கள் ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தைக் காண ஐம்பத்து மூவாயிரம் பேர் திரண்டனர். மறுஆண்டு டிசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாதென்று தடைவிதித்தது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாதென்று காரணம் சொன்னார்கள். ஐம்பது ஆண்டு அத்தடை நின்றது. ஆக, பார்ப்பவர் இல்லாமையால் ஆட்டம் சாகவில்லை, பார்க்கவிடாமையால் செத்தது. நம்மூரில் தடைச்சட்டம் தேவைப்படவில்லை. பேசாமல் இருந்தாலே போதுமானதாக இருக்கிறது.

“இலக்கியம் பேசும் இடத்தில் கால்பந்து எதற்கு?” என்று கேட்கப்போகும் அன்பர்களும் உளர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆஃப்சைடுக்கும் பெனால்டிக்கும் தமிழில் இதுவரை நின்று நிலைத்த சொல் உண்டா? நடுக்கள ஆட்டக்காரர் எதிரணியின் இருவருக்கிடையே பந்தை நழுவவிடும் அந்த ஒரு நொடியை எழுத நம்மிடம் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன? கோட்டை மைதானத்தில் மாலைதோறும் சிறுவர்கள் தமக்குள் கத்திக்கொள்ளும் சொற்களில் கால்வாசிகூட நம் அகராதிகளில் ஏறவில்லை. வினை எழுத வேண்டிய இடத்தில் கண்ணீர் எழுதுகிறோமே, அதற்கு மொழிப்பயிற்சிக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அம்மாணவியின் கட்டுரையில் அச்சொற்கள் இருந்தன. ‘பந்தை அணைத்து நிறுத்தி’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அதை நாம் அடிக்கோடிட்டுக் கேள்விக்குறி இட்டோம்.

2022இல் சேதுவின் தோல்வியை எல்லைக்கோட்டருகே நின்று கண்ட பயிற்சியாளர் கிரிஸ்பின் சேத்ரிதான் 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்ற இந்திய அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார். தகுதிச்சுற்று ஆடி இந்தியப் பெண்கள் அப்போட்டிக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. தோற்ற ஆட்டம் மலருக்கு எதற்கு என்று நாம் கேட்ட கேள்வியின் அறியாமை அன்றுதான் நமக்கு முழுதாக உறைத்தது.

அம்மாணவி இப்போது வேலூரில் பணிபுரிகிறார். அந்த மூன்று பக்கங்களும் அவரிடம் இருக்கின்றனவா என்று தோழியர் வழியாகக் கேட்டு அனுப்பியிருக்கிறோம். கிடைத்தால், நாம் இட்ட கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டு, இதே இடத்தில் அவர் பெயரில் வெளியிடுவோம்.