நட்ட கணக்கு போதாது, பிழைத்த கணக்கு வேண்டும்

சஹாராவின் தென்விளிம்பில், மேற்கே செனகல் தொடங்கி கிழக்கே ஜிபூட்டி வரை ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்குப் பசுமை வளர்க்கும் ‘பெரும் பசுஞ்சுவர்’ திட்டத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் கையிலெடுத்தது. 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது இலக்கு. பாலைவனமாதல் தடுப்புக்கான ஐ.நா. உடன்படிக்கைச் செயலகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்டப் பகுதிக்குள் மீண்டது சுமார் 40 லட்சம் ஹெக்டேர்தான். இதற்காகத் திட்டத்தைக் கைவிடக் கூடாது; பணம் போகும் வழியை மாற்ற வேண்டும் என்பதே இந்த அறிக்கையை வெளியிடும் அமைப்பின் நிலைப்பாடு.

சஹாராவின் தென்விளிம்பிலுள்ள இந்தச் சாஹேல் நாடுகளில் நிலம் திட்டுத் திட்டாகவே பாழாகிறது. அளவுக்கு மீறிய மேய்ச்சல், விறகு வெட்டு, தரிசு விடாத உழவு, பொய்த்த மழை எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் மேல்மண் இறுகிப்போகிறது. பாலைவன எல்லையோரத்தில் மரங்களை வரிசைகட்டி நிறுத்தினால் ஊருக்குள் இருக்கும் வயல் பிழைத்துவிடாது.

நைஜர் நாட்டின் மராடி வட்டாரம் வேறு வழி காட்டியது. 1980களின் தொடக்கத்தில் அங்கே கன்று நட்டுவந்த ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் டோனி ரினாடோ, நட்டவற்றில் பெரும்பாலானவை கருகுவதைப் பார்த்தார். வயலில் புதராகத் தெரிந்தவையோ வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள். வேரில் உயிர் இருந்தது. உழவர்கள் கட்டைக்குச் சில நல்ல துளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தார்கள், பக்கக் கிளைகளைக் கவாத்து செய்தார்கள், ஆடு கடிக்காமல் காத்தார்கள். சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் ஏறத்தாழ 20 கோடி மரங்கள் எழுந்தன.

அவற்றில் ‘காவோ’ மரம் தனி ரகம். மழைக்காலத்தில் இலையுதிர்த்துக் கம்புக்கும் சோளத்துக்கும் வெயிலை விட்டுக்கொடுக்கும். வறண்ட மாதங்களில் தழைத்துக் கால்நடைக்கு நிழலும் நெற்றும் தரும்.

இப்படி வயலில் மரம் வளரச் சட்டமும் இளக வேண்டியிருந்தது. காலனிக் காலம் தொட்டு நைஜரில் மரம் அரசின் சொத்தாக இருந்தது. சொந்த வயலில் வெட்டினாலும் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பிடி தளர்ந்த பிறகுதான் உழவர்கள் துணிந்து மரம் வளர்த்தார்கள்.

மாறான அனுபவமும் உண்டு. 1978இல் சீனா தொடங்கிய வடபகுதிக் காடு வளர்ப்பில், நிங்சியா வட்டாரத்தில் பெருமளவில் பாப்லர் மரம் ஒன்றையே நட்டார்கள். நீள்கொம்பு வண்டு புகுந்து கோடிக்கணக்கான மரங்களைத் தின்று தீர்த்தது.

ஆகவே அமைப்பு முன்வைக்கும் கோரிக்கைகள்:

1. நிதியின் பெரும்பகுதியை, மூன்று கோடை கடந்தபின் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிப் பார்த்தே விடுவிக்க வேண்டும்.

2. வயலில் நிற்கும் மரம் வளர்த்தவருக்கே சொந்தம் என்பதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும்.

3. ஓரினத் தோப்புகளுக்குப் பணம் தரக் கூடாது. மேய்ச்சல் புல்வெளிகளில் மேய்ப்பர்களைக் கேட்காமல் மரம் நடக் குழி தோண்டக் கூடாது.

2021 ஜனவரியில் நடந்த பாரிஸ் மாநாட்டில் பசுஞ்சுவருக்கு 1,400 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டது. அந்தப் பணம் நாற்றங்கால் ஒப்பந்தங்களோடு தீர்ந்துவிடாமல், துளிரைக் காக்கும் உழவரின் கைக்கு நேராகச் சென்றுசேர நன்கொடை நாடுகள் வழிசெய்ய வேண்டும் என அமைப்பு கேட்டுக்கொள்கிறது.